நாயோட யார்க்ஷயர் ஸ்கல்ப்சர் பார்க் போறவங்களுக்கு ஒரு நீளமான ரிவ்யூ

இங்கிலாந்துல லீட்ஸ், வேக்ஃபீல்ட், ஷெஃபீல்ட் பக்கம் இருந்துக்கிட்டு வீட்ல நாயும் வளக்கறீங்கன்னா, லீவு நாள்ல அதே தெருவையும் அதே பக்கத்து பார்க்கையும் சுத்திக்கிட்டு இருக்காம ஒருவாட்டி இங்க போயிட்டு வந்துடுங்க. அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன். அந்த அரை எங்க போச்சுன்னு போகப்போக சொல்றேன்.

இடம் வெஸ்ட் பிரெட்டன். எம்1 மோட்டார்வேல 38வது எக்ஸிட்ல இறங்கினா பக்கம்தான். 500 ஏக்கர், 18ஆம் நூற்றாண்டுல ஒரு பெரிய பணக்கார குடும்பம் வச்சிருந்த எஸ்டேட், பங்களா, ரெண்டு ஏரி, காடு, மேடு பள்ளமா புல்வெளின்னு எல்லாம் இருக்கு. அந்த பங்களால அப்புறம் ஒரு காலேஜ் நடந்துச்சு, அங்க வாத்தியாரா இருந்த பீட்டர் மர்ரேங்கறவருதான் 1977ல புல்வெளியில சிற்பங்கள கொண்டாந்து வச்சு இத ஆரம்பிச்சாரு. பிரிட்டன்ல இந்த மாதிரி திறந்தவெளி சிற்ப பூங்கான்னு வந்ததுல இதுதான் மொதல். 2014ல மியூசியம் ஆஃப் தி இயர் அவார்டும் வாங்கியிருக்கு. வரலாறு இவ்ளோ போதும், மிச்சத்த அவங்க வெப்சைட்ல படிச்சுக்கலாம்.

எங்க நாய் பேரு மிளகு, விப்பெட் கலப்பு, ரெஸ்க்யூல இருந்து எடுத்தது. விப்பெட்னா தெரியாதவங்களுக்கு, ஒல்லியா ஓட்டப்பந்தயத்துக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும், மோப்பத்த விட கண்ணால பாத்து துரத்தற சாதி. இந்த ஊரு பக்கம் நிலக்கரி சுரங்கத் தொழிலாளிங்க வீட்ல வளத்த நாய் அது, குதிர வாங்க வசதி இல்லாதவன் ரேஸ் விட வச்சிருந்த நாய்னு சொல்லுவாங்க. இத ஏன் சொல்றேன்னா இந்த பார்க்க சுத்தி இருக்கற மண்ணே சுரங்க மண்ணு, அது சிற்பத்துக்குள்ளயும் வருது.

ஆர்ட் கேலரிக்கெல்லாம் நான் போகாத ஆள் இல்ல, ஆனா அங்க எனக்கு ஒரு பழக்கம், மொதல்ல பக்கத்துல ஒட்டியிருக்கற அட்டைய படிப்பேன், பேரு, வருஷம், யாரு செஞ்சது எல்லாம் பாத்துட்டு அப்புறம் ஒரு நிமிஷம் நிமிந்து பொருள பாத்துட்டு தலையாட்டிட்டு அடுத்ததுக்கு போயிடுவேன், நம்மள்ல பாதி பேரு அப்படித்தான். நாய் கையில இருந்தா அது நடக்காது. அது அட்டை இருக்கற பக்கமா போகவே போகாது, பின்பக்கமா போகும், அடியில குனிஞ்சு போகும், திடீர்னு ஒரு இடத்துல வேர் விட்ட மாதிரி நின்னுடும், நீங்களும் அங்கயே லீஷ புடிச்சுக்கிட்டு நின்னாகணும், நிக்கும்போது வேற வேலை இல்லாததால எதிர்ல இருக்கறத பாப்பீங்க. சிற்பத்துக்கு பின்பக்கம்னு ஒண்ணு கிடையாது, சுத்தி வந்து பாக்கத்தான் செஞ்சிருக்காங்கங்கறது எனக்கு மிளகு பின்னால நடந்துதான் மண்டையில ஏறுச்சு.

சிற்பி ஹென்றி மூர்ல இருந்து தொடங்குவோம், இங்க எல்லாரும் அவர பாக்கத்தான் வராங்க. பக்கத்து காசில்ஃபோர்ட்ல 1898ல பொறந்தவரு, அப்பா சுரங்கத்துல வேலை பாத்தவரு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மூரும் அங்க சுரங்கத்துக்குள்ள இறங்கி தொழிலாளிங்கள படமா வரைஞ்சிருக்காரு. தன் சிற்பத்த எவ்ளோ அழகான கட்டடத்துல வைக்கறதயும் விட ஏதாவது ஒரு வெட்டவெளியில வைக்கறதத்தான் விரும்புவேன்னு சொன்ன மனுஷன், அதனால இங்க புல்வெளியில அவரோட பெரிய வெண்கலங்கள வச்சிருக்காங்க. அதுல லார்ஜ் டூ ஃபார்ம்ஸ்னு ஒண்ணு, 1966லருந்து 69 வரைக்கும் செஞ்சது, ஆளுயரத்துக்கும் மேல ரெண்டு பிரம்மாண்டமான உருவம், ரெண்டுலயும் நடுவுல ஓட்டை, ஒண்ண ஒண்ணு பாத்தாப்ல சாஞ்சு நிக்குது.

இவரு, அதான் எங்க வீட்டுக்காரரு, அத பாத்ததும் "என்னடி இது, ரெண்டு எலும்ப பெருசு பண்ணி வச்சிருக்கான்" அப்படின்னாரு. நான் "மெதுவா பேசுங்க, பக்கத்துல ஆள் நிக்கறாங்க"ன்னேன். ஆனா அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. மூர் நெஜமாவே எலும்பு, கூழாங்கல்லு, சிக்கிமுக்கிக்கல்லுன்னு பொறுக்கி ஸ்டுடியோவுல குவிச்சு வச்சிருந்தாரு, அதுலருந்துதான் நெறைய உருவம் புடிச்சாரு. எலும்புன்னு கண்டுபுடிச்சது இவருதான், எங்க வீட்ல எலும்பு மேல உரிமை உள்ள ஆளு அத கண்டுக்கவே இல்ல. மிளகுக்கு அதுல ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், அடியில ஆடு படுத்திருந்துச்சு.

ஆமா ஆடு. செம்மறி ஆடுங்க இங்க அலங்காரத்துக்கு விட்டது இல்ல, உண்மையாவே மேயறதுங்க, மழை காத்துன்னா மூரோட ஓட்டைக்குள்ளயும் சரிவுலயும் போய் ஒதுங்கி படுத்துக்கும், முதுகு அரிச்சா வெண்கலத்துல தேச்சுக்கும். கிட்ட போய் பாத்தீங்கன்னா ஆட்டு உயரத்துக்கு மட்டும் ஒரு பட்டை மழமழன்னு நிறம் மாறியிருக்கு, அதுக்கு மேல பச்சையும் பழுப்புமா கலந்த நிறம், விளிம்புல கொஞ்சம் கம்பளி மயிர் ஒட்டி காத்துல ஆடுது. எந்த கேலரியிலயும் இந்த பட்டைய பாக்க முடியாது. மூருக்கு ஆடு ரொம்ப புடிக்கும், தன் வீட்டு ஜன்னல்ல இருந்து பாத்து ஆடா வரைஞ்சு தள்ளியிருக்காரு, அதனால அவரு கோவிச்சுக்க மாட்டாரு.

ஆடு இருக்கறதால லீஷ் கட்டாயம், இதுல பேச்சே கிடையாது. சும்மா பார்க் ரூல்னு நெனச்சுக்காதீங்க, 1953லயே இந்த நாட்டுல இதுக்கு சட்டம் இருக்கு, நாய் ஆட்ட துரத்தினாத்தான் குத்தம்னு இல்ல, ஆடு மேயற இடத்துல கட்டுப்பாடு இல்லாம சுத்தவிட்டாலே மாட்டிக்குவீங்க. நீளமா இழுபடற லீஷ் வேண்டாம்னு என் அபிப்பிராயம், குட்டையான கயிறு நல்லது. வசந்தகாலத்துல குட்டி போட்ட ஆடுங்க இருக்கும், அப்ப உங்க நாய் விப்பெட் மாதிரி துரத்தற ஜாதின்னா ஆடு இல்லாத ஏரிக்கரை பக்கமா போயிட்டு வந்துடுங்க, யாருக்கும் டென்ஷன் இல்ல. கக்கா பை நெறைய எடுத்துட்டு போங்க. ஆம்பள நாய் வச்சிருக்கவங்க இன்னொண்ணும் கவனிங்க, காலத் தூக்க நல்ல தூணு கெடச்சுதுன்னு அது வெண்கலத்துக்கிட்ட போகும், இழுத்துடுங்க, மூத்திரத்துல இருக்கற உப்பு வெண்கலத்து மேல இருக்கற அந்த நிறத்த அரிச்சுடும், அந்த நிறம் தானா வந்தது இல்ல, ஆசிட் எல்லாம் வச்சு பக்குவமா கொண்டு வந்து மெழுகு பூசி காப்பாத்தறது.

நடுவுல ஒரு ஜோக் இருக்கு, அது மிஸ் பண்ணாதீங்க. இந்த மாதிரி பழைய எஸ்டேட்ல பங்களா ஜன்னல்ல இருந்து பாத்தா வேலியே தெரியக்கூடாது, ஆனா ஆடு தோட்டத்துக்குள்ளயும் வரக்கூடாதுன்னு ஒரு பக்கம் சுவர் வச்சு பள்ளம் தோண்டி விட்டிருப்பாங்க, அதுக்கு பேரே ஹா-ஹா. அந்த பள்ளத்த தாண்ட பிரையன் ஃபெல்ங்கறவரு ஒரு இரும்பு பாலம் செஞ்சிருக்காரு, பக்கவாட்டு கம்பியே ஹாஹா ஹாஹான்னு எழுத்தா நிக்குது. என் பையன் அங்கதான் மொதல்வாட்டி ஃபோன வெளிய எடுத்தான். 

பார்பரா ஹெப்வொர்த்தும் இந்த ஊருதான், வேக்ஃபீல்ட்ல 1903ல பொறந்தவங்க. அவங்களோட தி ஃபேமிலி ஆஃப் மேன், 1970ல செஞ்சது, ஒம்போது வெண்கல உருவம் ஒரு சரிவுல மரங்களோட நிக்குது. மூதாதையர் ரெண்டு, பெத்தவங்க ரெண்டு, மாப்பிள்ளை, பொண்ணு, வாலிபன், சின்னப் பொண்ணு, கடைசியா ஒரு முழுமையான வடிவம்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு. எல்லாமே கட்டம் கட்டமா அடுக்கி நடுவுல துளை போட்டது, மூக்கு வாயெல்லாம் தேடாதீங்க. எனக்கு இந்த பார்க்குலயே மனசுக்கு புடிச்சது இதுதான், ஏன்னா இதுங்க நடுவுல நடக்க முடியுது. துளை வழியா பாத்தா அந்தப் பக்கம் இன்னொரு உருவம், அதோட துளை வழியா மரம், ஒரு அடி தள்ளி நின்னா எல்லாம் மாறிடுது. பின்னாடி மூதாதையரும் முன்னாடி புள்ளைங்களுமா சொந்தபந்தம் மொத்தமும் போட்டோவுக்கு நிக்கற மாதிரி இருக்கு, அதுல யாரு யாருக்கு என்ன முறைன்னு நானும் பையனும் பேரு வச்சு சண்ட போட்டோம், மிளகு அந்த சின்னப் பொண்ணு காலடியில படுத்து புல்லு தின்னுச்சு.

சோஃபி ரைடர்னு ஒருத்தங்க, முயல் தலையும் பொம்பள உடம்புமா சிற்பம் செய்யறவங்க. நாங்க போனப்ப அவங்களோட உக்காந்திருக்கற முயல் ஒண்ணு இருந்துச்சு, பெருசு, காது மட்டுமே ஆள் கை நீளத்துக்கு. இவ்ளோ நேரம் எதையும் சட்டை பண்ணாத மிளகு அத பாத்ததும் முன்னங்கால் ஒண்ண தூக்குன வாக்குல நின்னுடுச்சு, வாலு ரெண்டு காலுக்கு நடுவுல, காது ரெண்டும் விறைப்பா, மூக்கு நுனி மட்டும் துடிக்குது. முயல்னு கண்ணு சொல்லுது, ஆனா முயல் வாசனை இல்ல, இந்த சைஸுல முயலும் கிடையாது. அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னுச்சு, பிஸ்கட் காட்டினேன், திரும்பிக்கூட பாக்கல. நான் எந்த சிற்பத்தயும் அந்த கவனத்தோட பாத்தது இல்ல. கடைசியில ஒரு சின்ன குரை குரைச்சுட்டு எதுவும் நடக்காத மாதிரி நடந்துடுச்சு.

ஏரிய தாண்டி ஆக்ஸ்லி பேங்க்னு ஒரு மேட்டுக்காடு, வர்றவங்கள்ல நெறைய பேரு காஃபி குடிச்சுட்டு பக்கத்துல இருக்கற புல்வெளிய மட்டும் பாத்துட்டு திரும்பிடறாங்க, அங்க போறதே இல்ல. என்னைக் கேட்டா டிக்கெட் காசே அந்த மேட்டுக்குத்தான். ஏறுறதுக்கு டேவிட் நாஷ் 2010ல செஞ்ச செவன்டி-ஒன் ஸ்டெப்ஸ், பேருலயே இருக்கு 71 படி, ஓக் மரக்கட்டைங்கள நெருப்புல கருக்கி, சுத்தி நிலக்கரிய கொட்டி பதிச்சிருக்காரு. படி நேரா போகல, மேடு வளையற மாதிரி வளைஞ்சு போகுது, ஒவ்வொண்ணும் ஒரு உயரம், அதனால காலைப் பாத்துத்தான் ஏறணும். நான் மொதல்ல வெறும் படின்னு நெனச்சுத்தான் ஏறினேன், பாதியில கரி மினுக்கறத பாத்துத்தான் இதுவும் சிற்பம்னு புரிஞ்சுது. இந்த மேட்டுக்கு கொஞ்ச தூரத்துலதான் ஓவர்டன்ல பழைய கேப்ஹவுஸ் சுரங்கம் இருக்கு, இப்ப அது தேசிய நிலக்கரி மியூசியம். அதாவது இந்த ஊரு மண்ணுக்கடியில இருந்து எத தோண்டினாங்களோ அதயே மேட்டுல போட்டு உங்கள மிதிச்சு ஏற வச்சிருக்காரு. மேல போனப்ப மிளகோட வெள்ள பாதம் நாலும் சாக்ஸ் போட்ட மாதிரி கருப்பு. சுரங்கக்காரங்க நாய்க்கு பொருத்தமாத்தான் இருந்துச்சு, கார் சீட்டுக்குத்தான் பொருந்தல.

மேல ஆண்டி கோல்ட்ஸ்வொர்தியோட ஹேங்கிங் ட்ரீஸ், 2007. இவரு லீட்ஸ்ல வளந்தவரு, சின்ன வயசுலயே பண்ணையில கூலி வேலை பாத்தவரு, 1987ல இதே பார்க்குல தங்கி வேலை செஞ்சிருக்காரு. யார்க்ஷயர்ல எங்க பாத்தாலும் சாந்து சுண்ணாம்பு எதுவும் இல்லாம கல்ல மட்டும் அடுக்கி வயலுக்கு சுவர் கட்டியிருப்பாங்கல்ல, இங்க எல்லைச் சுவரும் அப்படித்தான். அந்த சுவரோட வரிசையிலயே குழி மாதிரி கல்லால கட்டின மூணு அறை, ரூம் மாதிரி சதுரமா, கூரை இல்ல. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு முழு மரம் கிளையோட படுக்க வாட்டத்துல அந்தரத்துல நிக்குது, ரெண்டு முனையும் சுவத்துக்குள்ள போயிருக்கு, தரையில படல. குனிஞ்சு கிட்ட பாத்தேன், மரம் சுவத்துக்குள்ள நுழையற எடத்துல கல்லுங்கள மரத்தோட வளைவுக்கு தகுந்த மாதிரி ஒண்ணொண்ணா தேடி வச்சிருக்காங்க, ஒரு விரல் நுழைய எடமில்ல, மரத்து மேல பாசி, பாசிக்குள்ள சின்னதா ஒரு செடி. மரம் ஒரு நாள் மக்கிடும், சுவரு நிக்கும். தெரிஞ்சேதான் செஞ்சிருக்காரு.

அவரோடதே இன்னொண்ணு அவுட்க்ளோஷர். காட்டுக்குள்ள வட்டமா உயரமா ஒரு கல்சுவரு, வாசலே கிடையாது. நாங்க ஒரு சுத்து சுத்தி வந்தோம், கதவு இல்ல. எட்டிப் பாக்கலாம்னா உயரம் பத்தல. இவருக்கு தாங்கல, "உள்ள என்னதான் வச்சிருக்கான்"னு எகிறி எகிறி பாத்தாரு. மிளகு மட்டும் அடிச்சுவத்துல ஒரு கல்லிடுக்குல மூக்க சொருகிட்டு வர மாட்டேன்னுடுச்சு, உள்ள என்ன இருக்குன்னு எங்க நாலு பேத்துல அதுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜேம்ஸ் டரெல் 2006ல செஞ்ச டியர் ஷெல்ட்டர் ஸ்கைஸ்பேஸ பத்தி எல்லாரும் ஓஹோன்னு எழுதியிருக்காங்க, நானும் எழுதறேன். மான் ஒதுங்க 18ஆம் நூற்றாண்டுல கட்டின இடத்துக்குள்ள ஒரு ரூம் கட்டி, கூரையில சதுரமா வெட்டி விட்டிருக்காரு, சுத்தி கான்கிரீட் பெஞ்சு, சாஞ்சு உக்காந்து வானத்த பாக்கறதுதான் வேலை. மேகம் போறது டிவி மாதிரி தெரியுது. நாங்க மாத்தி மாத்தி போனோம், ஒருத்தரு வெளிய நாய புடிச்சுக்கிட்டு. யார்க்ஷயர் மேகத்துக்கு பஞ்சமில்ல, அதனால ஷோ கேன்சல் ஆகறதே இல்ல.

புடிக்காததும் சொல்லணும்ல. டேமியன் ஹர்ஸ்டோட தி வர்ஜின் மதர், 2019ல வந்து நின்னது, 10 மீட்டர் உயரத்துக்கு கர்ப்பிணிப் பொண்ணு, ஒரு பக்கம் தோலுரிச்சு மண்டையோடும் வயித்துக்குள்ள குழந்தையும் தெரியற மாதிரி. தூரத்துல இருந்தே தெரியும், கிட்ட போனாலும் அதேதான் தெரியும், அதான் எனக்கு பிரச்சன. மூரோ ஹெப்வொர்த்தோ கிட்ட போகப்போக வேற ஆகுது. ஜௌமே ப்ளென்சாவோட வில்சிஸ், ஏழு மீட்டருக்கு மேல இருக்கற கண்ண மூடின பொண்ணு முகம், அதுகூட பெருசுதான், ஆனா முன்னாடி இருந்து பாத்தா முழு தலை, பக்கவாட்டுல வந்தா சப்பையா தட்டினாப்ல ஆயிடுது, நடக்கறவனுக்குன்னே செஞ்ச வித்தை அது. டென்னிஸ் ஓப்பன்ஹைமோட இரும்பு மரங்கள்ல இலைக்கு பதிலா பாத்டப்பு, நாய்க்கூடுன்னு தொங்குது, பசங்க சிரிப்பாங்க, மிளகு அந்த நாய்க்கூட்டுக்கு வாடகை கேட்கல.

இப்ப அந்த அரை மார்க். முன்னாடியெல்லாம் உள்ள போறது ஃப்ரீ, கார் பார்க்கிங் மட்டும் கட்டினா போதும், ஒரு கார்ல அஞ்சு பேரு போனாலும் ஒரே காசு. இப்ப ஆளுக்கு டிக்கெட், பெரியவங்க நாலு பேரு போனா பர்ஸ் கனம் கொறையும், 18 வயசுக்குள்ள ஃப்ரீங்கறது ஆறுதல். அடிக்கடி நாய் நடத்தப் போறவங்க மெம்பர்ஷிப் கணக்கு போட்டு பாருங்க. அப்புறம் எம்1 இரைச்சல், சில எடத்துல வாய் திறக்காம நின்னா மோட்டார்வே ஓன்னு கேட்டுக்கிட்டே இருக்கு, அது பார்க்கோட தப்பு இல்ல, இருந்தாலும் கேக்குது. உள் கேலரிங்களுக்குள்ள நாய்க்கு அனுமதி இல்ல, அதனால தனியா நாயோட போறவங்க வெளிய இருக்கறதோட திருப்தி பட்டுக்கணும். என்னப் பொறுத்தவரை அதுவே தாராளம். வெஸ்டன்னு 2019ல திறந்த கட்டடம் ஒண்ணு இருக்கு, பழைய கல்குவாரி எடத்துல, மண்ணு அடுக்கடுக்கா தெரியற மாதிரி கான்கிரீட் சுவரு போட்டிருக்காங்க, வெளிச்சுவரயாவது தடவிப் பாத்துட்டு வாங்க.

எப்ப போகலாம்னா அக்டோபர் நவம்பர் என் ஓட்டு. இலை உதிர்ந்தாத்தான் ஆக்ஸ்லி பேங்க்ல இருந்து கீழ ஏரியும் பங்களாவும் முழுசா தெரியும், கூட்டமும் கம்மி. சேறு கண்டிப்பா இருக்கும், வெல்லிங்கற ரப்பர் பூட்ஸ் போட்டுக்கோங்க, ஸ்னீக்கர்ஸ்ல வந்து வழுக்கினா பொறுப்பு நான் இல்ல. மேட்டுல ஏறி ஏரிய முழுசா சுத்த நாய் வேகத்துல ரெண்டு ரெண்டரை மணி நேரம் வச்சுக்கோங்க, மொதல்ல ஆக்ஸ்லி பேங்க் ஏறிடுங்க, மூர கடைசியில பாத்துக்கலாம், அதுக்குள்ள நாயும் களைச்சுப் போய் ஆட்ட பாத்து துள்ளாது. சிற்பங்கள் அப்பப்ப மாத்துவாங்க, கடனுக்கு வந்தது திரும்பிப் போகும், அதனால நான் சொன்ன முயல் நீங்க போறப்ப அதே எடத்துல இல்லன்னா என்ன திட்டாதீங்க. சாப்பாடு நாங்க வீட்ல இருந்தே புளிசாதமும் சிப்ஸும் கட்டிட்டு போனோம். கார்ல பழைய துண்டு ரெண்டு போட்டுக்கோங்க, ஒண்ணு சேத்துக்கு, ஒண்ணு அந்த 71 படி கரிக்கு.